இருமலை முந்திக்கொள்ளும் தசை

"இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம், இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. இடுப்புத்தளப் பயிற்சி செய்தால் நிற்கும் என்கிறார்கள். எப்படி நிற்கும்?" பெயர் போட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு வந்த கேள்வி இது.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வாலெலும்பு வரை விரிந்திருக்கும் தசை அடுக்குதான் இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குகிறது. சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை இதன் நடுவே வருகிறது. கணினி மாதிரியில் கணக்கிட்டபோது, இதன் ஒரு பகுதி மூன்று மடங்குக்கும் மேல் நீள்வதாகத் தெரிந்தது. பிறகு தளர்ச்சி இருப்பதில் வியப்பில்லை.

சரி, இருமும்போது என்ன நடக்கிறது? வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறி, சிறுநீர்ப்பையையும் நெருக்குகிறது. அதே அழுத்தம் சிறுநீர்க் குழாய் மீதும் விழுகிறது. அமெரிக்க மருத்துவர் ஜான் டிலான்சி 1994இல் இதை அழகாக விளக்கினார். தண்ணீர் ஓடும் ரப்பர் குழாய் கெட்டியான தரையில் கிடந்தால், மிதித்ததும் நீர் நின்றுவிடும். சேற்றில் கிடந்தால், மிதிக்க மிதிக்க அமுங்குமே தவிர நீர் நிற்காது. சிறுநீர்க் குழாய்க்கு அடியில் இருக்கும் திசுவை இழுத்துப் பிடித்துக் கெட்டியாக்குவது இடுப்புத்தளத் தசைதான்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். அழுத்தம் ஏறிய பிறகு தசை இறுகினால் தாமதமாகிவிடும். அதனால் நரம்பு மண்டலம் முந்திக்கொள்கிறது. கசிவு இல்லாத பெண்களின் தசையில் மின் அசைவைப் பதிவு செய்து பார்த்தால், இருமலின் அழுத்தம் ஏறத் தொடங்கும் முன்பே தசை இறுக ஆரம்பித்துவிடுகிறது! இருமச் சொல்லும் மூளை, அதோடு சேர்த்தே கீழே காவலையும் போட்டுவிடுகிறது. கசிவு உள்ள பலருக்கு இந்த முந்தல் பிந்திப்போகிறது. ஆக, பலம் மட்டுமல்ல, நேரமும் முக்கியம்.

அந்த நேரத்தைப் பழக்கிக்கொள்ளவும் முடியும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998இல், கசிவு உள்ள வயதான பெண்களுக்கு, இருமுவதற்குச் சற்று முன் தசையை இறுக்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் இருமும்போது கசிவு வெகுவாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் தசை பருத்துவிடாது, மாறியது நேரம்தான்.

பலத்துக்குத் தினசரிப் பயிற்சி வேண்டும். வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல இறுக்கி, உள்ளே மேல்நோக்கித் தூக்குங்கள். சில நொடி பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூச்சை அடக்காதீர்கள், பிட்டத்தை இறுக்காதீர்கள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது வேண்டாம். தூக்குவதற்குப் பதில் கீழே முக்குபவர்கள் நிறையப் பேர். 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிய ஆர்னால்ட் கீகல், தசை சரியாக இறுகுகிறதா என்று காட்ட ஓர் அழுத்தமானியையே பயன்படுத்தினார்.

பிள்ளை பெற்றவளுக்கு இது சகஜம் என்று சொல்லி வாயை மூடவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வயிற்றில் துணி கட்டுவதால் இந்தத் தசைக்குப் பலம் வராது. பிரசவ வார்டிலேயே ஒரு பிசியோதெரபிஸ்ட் இதைச் சொல்லித்தரும் ஏற்பாடு வேண்டும். அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

உடலுறவின்போது வலி, சிறுநீர் போகத் தொடங்கவே சிரமம் என்று இருப்பவர்கள் மட்டும் தாங்களாக இந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். அவர்களுடைய தசை ஏற்கெனவே அதிகமாக இறுகியிருக்கலாம். அப்படியானால் முதலில் பழக வேண்டியது தளர்த்துவதை.