கொடி தழைக்கிறது, திராட்சை காய்க்கவில்லையே ஏன்?

தோட்டக்கலை ஆலோசனைக்கு என்னிடம் வருபவர்கள் திராட்சையைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: பந்தல் முழுக்க இலை, ஒரு குலைகூட இல்லை. வருவதற்கு முன்பே பலர் யூரியாவை அள்ளிப் போட்டிருப்பார்கள். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் இன்னும் பெருகும். அந்தக் கொடிக்குத் தேவை உரமல்ல, கவாத்து; அதாவது கிளைகளை முறையாக வெட்டிவிடுவது.

குளிர்ப் பகுதிகளில் பனிக்காலம் வந்ததும் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். வசந்தத்தில் மொட்டுகள் ஒருசேர விழிக்கும். வெப்பப் பகுதியில் அந்த உறக்கம் கிடையாது. நுனி மொட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கீழ் மொட்டுகளை எழவிடாது. ஆகவே அந்த ஓய்வைக் கத்தரியால் நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு கவாத்து. முதலாவதில் கிளைகளை ஓரிரு கணு மட்டும் விட்டு வெட்டுகிறோம். இதில் காய் எதிர்பார்க்கக் கூடாது. புதுக் கொம்புகள் வளரவே இது. பூங்கொத்தின் கரு அந்தக் கொம்புகளின் மொட்டுகளுக்குள் வெயில் பட்டால்தான் உருவாகும். நெருக்கமான தளிர்களைக் கிள்ளி வெளிச்சம் விடுங்கள். நிழலில் கிடந்த மொட்டு இலையாகவே விரியும். நான்கைந்து மாதங்களில் கொம்பு பழுப்பேறி முற்றியதும் நீரைக் குறைத்து, இலைகளை உருவி, ரகத்துக்கேற்பச் சில மொட்டுகள் விட்டு வெட்டுங்கள். வெட்டும்போது கை தயங்கும், ஆனாலும் வெட்டுங்கள். புதுத் தளிரோடு பூவும் வரும். பழம் பழுக்கும் நேரம் மழைக்காலத்தில் விழாதபடி இந்த இரண்டாம் கவாத்தின் நாளைக் குறியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெரிய தோட்டங்களில் மொட்டு விழிக்க ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனத்தைப் பூசுவார்கள். தோல் வழியே உடலில் ஏறும் நஞ்சு அது. கையாளும் காலத்தில் மது அருந்தினால் கடுமையான பாதிப்பு வரும். பிள்ளைகள் விளையாடும் கொல்லைக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

நாளுக்கு ஆறு மணி நேர வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். நீரை வேருக்கு விடுங்கள்; இலை நனைந்தே இருந்தால், இலையின் அடிப்புறத்தில் பூஞ்சை படரும் அடிச்சாம்பல் நோய் பரவும். இலைமேல் வெண்பொடி போலப் படரும் சாம்பல் நோய் வேறு; அதற்குக் கந்தகம் தெளிப்பவர்கள் கடும் வெயிலில் தெளிக்க வேண்டாம், இலை கருகும்.

நாய் வளர்ப்பவர்கள் உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கிவிடுங்கள். திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும்.

நிறம் வந்ததும் பறிக்கத் தோன்றும். பறித்தபின் திராட்சை பழுக்காது. குலையின் நுனிப் பழம்தான் கடைசியில் இனிக்கும். அதைச் சுவைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.