கத்தி அடிக்க எந்தச் சுத்தியல்?

பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “வீட்டுக் கொல்லையில் சின்னதாக உலை போட்டு, லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன் சார். சுத்தியல் 2 கிலோவில் வாங்கவா, 3 கிலோவில் வாங்கவா?”

இரண்டுமே வேண்டாம். 800 கிராமுக்கும் 1 கிலோவுக்கும் நடுவில் ஒன்று போதும்.

காரணம் பள்ளிக்கூடப் பாடம்தான். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கி வருவது. எடையை இரட்டித்தால் ஆற்றல் இரண்டு மடங்கு; வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. 1 கிலோ சுத்தியலை விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறக்கினால் 18 ஜூல். 2 கிலோவைத் தூக்கித் தூக்கிக் கை ஓய்ந்து வேகம் 4 மீட்டருக்கு வந்துவிட்டால் 16 ஜூல்தான். ஓய்ந்த கை சுத்தியலை நேராகவும் இறக்காது. முகம் சாய்ந்து, அதன் விளிம்பு இரும்பில் நகம் பதிந்த மாதிரி பிறை பிறையாகக் குழி போடும். அந்தக் குழிகளை அப்புறம் அரத்தால் ராவியே தீர்க்க வேண்டும்.

அடியில் எவ்வளவு இரும்புக்குப் போகிறது என்பதில் கீழே தாங்கும் இரும்புக் கட்டையான பட்டடைக்கும் பங்கு உண்டு. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள ரயில் தண்டவாளத்தில் ஓர் அடித் துண்டைப் பட்டடையாக வைத்தால், அது ஏறக்குறைய 18 கிலோ. அதன்மேல் 1 கிலோ சுத்தியலால் அடித்தால், தோராயக் கணக்கில் 95 சதவீத ஆற்றல் இரும்பை நசுக்கப் போகும். 4 கிலோ சம்மட்டியால் அடித்தால் 82 சதவீதம்தான். மீதி தண்டவாளத்தையே அசைப்பதில் வீணாகும். (தண்டவாளத் துண்டை இரும்புக் கடையில் வாங்கினால் ரசீதோடு வாங்குங்கள். ரயில்வே சொத்தை வைத்திருப்பவர்களுக்கென்றே 1966-இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.)

சரி, எடைக் கதை முடிந்தது. எனக்குப் பிடித்த சங்கதி சுத்தியலின் முகம்.

அடுப்படிக்குப் போய் ஒரு சப்பாத்தி மாவு உருண்டை எடுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் மாவு எல்லாப் பக்கமும் வட்டமாகப் பரவும். இப்போது கரண்டிக் காம்பைக் குறுக்கே வைத்து அழுத்துங்கள். காம்பின் நீளவாக்கில் மாவு அவ்வளவாக நகராது. காம்புக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கும். செஞ்சூட்டில் இருக்கும் எஃகும் இதைத்தான் செய்கிறது.

ஏன்? சுத்தியலுக்கும் பட்டடைக்கும் நடுவில் சிக்கிய இரும்பு வெளியேற வேண்டுமானால் இரண்டு முகங்களையும் உரசிக்கொண்டுதான் நகர வேண்டும். போக வேண்டிய தூரம் கூடக் கூட உராய்வும் சேர்ந்துகொண்டே போகும். குறுகலான தெருவில் தேர் வரும்போது கூட்டம் தெருக்கோடி வரைக்குமா ஓடுகிறது? பக்கத்துத் திண்ணையில் ஏறிக்கொள்கிறது. இரும்புக்கும் கிட்டத்தில் இருக்கும் திண்ணைதான் வழி.

சுத்தியலின் ஒரு முனையை ஆப்பு மாதிரி குறுக்கி வைத்திருப்பது இதற்காகத்தான். கடையில் ‘கிராஸ் பீன்’ என்று கேட்டால் தருவார்கள். ஆப்பின் கோடு கத்திக்குக் குறுக்கே விழுந்தால் கத்தி நீளும். கத்தியின் நீளவாக்கில் விழுந்தால் அகலும். அதே கை, அதே அடி. திசையை மட்டும் திருப்பினால் போதும். லேசாகக் குவிந்த முகம் கட்டைவிரலைப் போல எல்லாப் பக்கமும் தள்ளும். தட்டையான முகம் மேடுபள்ளத்தைச் சமன் செய்யும்.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. கத்தியின் வெட்டும் பக்கத்தை, அதாவது வாய்ப்பக்கத்தை, மெல்லியதாக அடிக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் நீளும், முதுகு நீளாது. பள்ளியில் பார்த்த ஈருலோகப் பட்டை மாதிரி கத்தி முதுகுப் பக்கமாக வளைந்துகொள்ளும். முதல் கத்தி அடிக்கிறவர்கள் எல்லாரும் இதைப் பார்த்து மிரளுவார்கள். மிரளத் தேவையில்லை. வாயை மெலிக்கும் முன்பே பட்டையை எதிர்ப்பக்கமாக, வாய் உள்ளே குழியும்படி வளைத்துக்கொண்டால் அடிக்க அடிக்கத் தானே நிமிர்ந்துவிடும். அரிவாளுக்கோ வளைவின் உட்பக்கத்தில் வாய். மெலிக்கும் ஒவ்வொரு அடியும் அந்த வளைவை விரிக்கப் பார்க்கும். சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியின் அரிவாள் பேர்போனது. அந்த வளைவை அப்படியே காப்பாற்றிக்கொண்டு வாயை மெலிப்பது சாதாரண வேலையில்லை. இந்தக் கைக்கணக்கை அளந்து எழுதிவைக்க ஒரு சிறு ஆய்வு நிதி கொடுத்தால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும். உலோகவியல் துறைகளுக்கும் கொல்லுப்பட்டறைகளுக்கும் நடுவில் பேச்சுவார்த்தையே இல்லாதது பெரிய நஷ்டம்.

பட்டறைகளிலும் மூடநம்பிக்கை உண்டு. “அடிக்க அடிக்க இரும்பு இறுகும், அதனால் பெரிய சுத்தியலால் அடித்த கத்திதான் உறுதி” என்பார்கள். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7.85 கிராம், நீங்கள் நாள் முழுக்க அடித்தாலும் அது ஏறாது. கசடு கலந்த பழைய காலத்து இரும்பில் அடி கசடைப் பிழிந்து எடுத்தது உண்மை. ஸ்பிரிங் பட்டையில் பிழிய ஒன்றும் இல்லை. உறுதியைத் தீர்மானிப்பவை சூடும், சுட்ட இரும்பை முக்கி ஆற்றும் தோய்ச்சலும், எஃகின் உள்ளே இருக்கும் மணிகளின் (பொடிப் படிகங்களின்) நுண்மையும்.

கடைசியாக, கடையிலிருந்து கொண்டுவந்த சுத்தியலை அப்படியே உலைக்குக் கொண்டுபோகாதீர்கள். முகத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அரத்தால் சுற்றிலும் ராவி மழுக்குங்கள்; ஆப்பின் நுனியையும் பென்சில் பருமனுக்கு உருட்டிவிடுங்கள். காம்பு மரமாக இருக்கட்டும். இரும்புக் காம்பின் அதிர்வு முழங்கைக்கு ஏறும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஓர் அடிகூட அடிக்காதீர்கள். வெறும் பட்டடையில் சுத்தியல் பட்டால் சில்லு தெறிக்கும். இரும்பு மங்கிய சிவப்புக்கு வந்துவிட்டால் அடிப்பதை நிறுத்தி மறுபடி உலையில் வையுங்கள்.

முதல் ஒரு வாரம் உலையை மூட்டவே வேண்டாம். மாடலிங் களிமண்ணில் பட்டை செய்து அதே சுத்தியலால் அடித்துப் பாருங்கள். மண் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, எஃகும் அந்தப் பக்கமே ஒதுங்கும்.