மேகத்தில் சுழி போடும் தீவு

கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே, 71 டிகிரி வடக்கில் தனித்துக் கிடக்கிறது யான் மாயன். நார்வேக்குச் சொந்தமான இந்தத் தீவின் நீளம் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தென்பாதி ஒடுங்கியது, தாழ்வானது. வடபாதி முழுக்க ஒரே மலைதான்: பீரன்பெர்க் எரிமலை. கடலிலிருந்து நேராக 2277 மீட்டர் எழும்பி நிற்கிறது. மேலே பனியாறுகள் போர்த்திக் கிடந்தாலும் 1970-லும் 1985-லும் வெடித்தது.

எரிமலை என்பதைவிட, அந்த மலை காற்றை என்ன செய்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

வடக்கே உறைந்த கடலின் மேலிருந்து வரும் குளிர்காற்று, திறந்த கடலைத் தொட்டதும் அடியிலிருந்து ஈரமும் வெப்பமும் வாங்கித் தாழ்வான மேகப் பரப்பாகிறது. அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று அடுக்கு மூடிபோல் அமர்ந்திருக்கும். அந்த அடுக்கு மலையுச்சியைவிடத் தாழ்வாக இருந்தால், கீழே உள்ள கனத்த காற்றால் மலையேற முடியாது. பக்கவாட்டில் விலகித்தான் போகவேண்டும்.

விலகிய காற்று மலைக்குப் பின்னால் அமைதியாக ஒன்றுசேர்வதில்லை. முதலில் ஒரு பக்கத்தில் சுழல் ஒன்று உருண்டு பெருக்கிறது. பெருக்கப் பெருக்க எதிர்ப்பக்கக் காற்றையும் தன்பால் இழுக்கிறது. அப்படி இழுபட்டு வந்த காற்றே அந்தச் சுழலைத் துண்டித்துவிட, அது கழன்று காற்றோடு மிதந்து போகிறது. அடுத்த முறை மறுபக்கம். வடகாற்று வீசும்போது கிழக்கு வரிசைச் சுழல்கள் கடிகார முள்ளின் திசையிலும், மேற்கு வரிசைச் சுழல்கள் அதற்கு எதிராகவும் சுற்றும். இப்படி மாறிமாறிக் கழலும் வரிசையைக் கணக்கிட்டு விளக்கியவர் தியோடர் வான் கார்மான். அதனால் அவர் பெயரிலேயே 'கார்மான் சுழல் வரிசை' என்கிறார்கள். சில நாட்களில் இது தீவிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தெற்கே நீளும்.

காற்று கண்ணுக்குத் தெரியாது. மேகம்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. தீவில் 1921 முதல் வானிலை நிலையம் இருக்கிறது. ஆனால் தரையில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் சாம்பல் மூட்டம் மட்டுமே தெரியும். தீவுகளின் பின்னால் இப்படிச் சுழல்கள் வரிசைகட்டுவது, 1960-களில் செயற்கைக்கோள்கள் மேலிருந்து படமெடுத்த பிறகே பார்வைக்கு வந்தது.