ஆளுருவாக்கம் வேறு, தற்குறிப்பேற்றம் வேறு

‘பெர்சனிஃபிகேஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் ‘தற்குறிப்பேற்றம்’ என்ற பதில் உடனே வந்து விழுகிறது. தேர்வுக் குறிப்புகளில் தொடங்கி மொழிபெயர்ப்புவரை பரவிவிட்ட பிழை இது.

இலத்தீனில் ‘பெர்சோனா’ என்றால் நடிகர் அணியும் முகமூடி. பிறகு ஆள் என்ற பொருளும் வந்தது. ஆள் அல்லாததை ஆளாக்குவதே இந்த அணி. ஆளுருவாக்கம் என்றால் போதும்.

தற்குறிப்பேற்றம் என்ன செய்கிறது? தன் + குறிப்பு + ஏற்றம். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தாமே ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வது. வடமொழியில் உத்பிரேட்சை. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் வரையறுக்கிறது: ‘பெயர்பொருள் அல்பொருள் எனஇரு பொருளினும், இயல்பின் விளைதிறன் அன்றி அயலொன்று தான்குறித்து ஏற்றுதல்’. பெயர்பொருள் என்றால் இயங்குவது, அல்பொருள் என்றால் இயங்காதது. உயிரற்றதை உயிராக்க வேண்டும் என்று இதில் எங்கே இருக்கிறது?

குழப்பத்துக்குக் காரணம் எல்லாரும் காட்டும் சிலப்பதிகார அடி. மதுரை மதிற்கொடி ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’. கொடி காற்றில் அசைவது இயல்பு. கோவலனை வராதே என்று தடுப்பதாகச் சொல்வது இளங்கோ ஏற்றிய குறிப்பு. அதுதான் தற்குறிப்பேற்றம். கொடிக்குக் கை வந்தது ஆளுருவாக்கம். இரண்டும் ஓரடியில் கூடி நிற்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

பிரித்துப் பாருங்கள். கூன் விழுந்த மூதாட்டி, தொலைத்த இளமையைத் தரையில் தேடியபடி குனிந்து நடக்கிறாள். குனிவது முதுமையால், தேடுவதாகச் சொல்வது கவிஞர். தற்குறிப்பேற்றம் முழுமையாக இருக்கிறது. அவள் முன்பே ஆள்தான், புதிதாக ஆளாக்க ஒன்றுமில்லை. மாறாக, ‘வறுமை வாசலில் உட்கார்ந்திருக்கிறது’. வறுமை ஆளாகிவிட்டது. ஆனால் காரணம் ஏற்றுவதற்கு இயல்பான நிகழ்ச்சி எதுவும் இங்கே நடக்கவில்லை.

பாட்டைக் கையில் எடுத்ததும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கவிஞர் சொல்லாவிட்டாலும் அந்த நிகழ்ச்சி நடந்திருக்குமா? அதற்கு அவர் புதுக் காரணம் தந்தாரா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் தற்குறிப்பேற்றம். ‘போல்’ என்ற உருபைக் கண்டதும் உவமை என்று எழுதிவிடக் கூடாது. மேலே காட்டிய அடியிலேயே ‘என்பனபோல்’ இருக்கிறது.

ஆளுருவாக்கம் தமிழுக்குப் புதிது என்பதும் உண்மையன்று. ‘கேட்குந போலவும் கிளக்குந போலவும் இயங்குந போலவும் இயற்றுந போலவும்’, அதாவது கேட்பவை, பேசுபவை, நடப்பவை, செய்பவை போல, அஃறிணையைச் சொல்லலாம் என்று நன்னூல் வழிவிடுகிறது. ‘நன்னீரை வாழி அனிச்சமே’ என்று வள்ளுவரின் தலைவன் பூவிடம் பேசுவது இந்த வழியில்தான். ‘இந்தச் சாலை மதுரைக்குப் போகிறது’ என்று நாம் தினமும் சொல்வதும் இதுதான். நன்னூலை எழுதிய பவணந்தி இதை அணியாக எண்ணவில்லை, மரபாக ஏற்றார். அதனால் தனிப்பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லை என்பதற்காக வேறோர் அணியின் பெயரைப் பறித்து ஒட்டுவது இரண்டையும் கெடுக்கும்.

‘உருவகப்படுத்துதல்’ என்று எழுதுவோரும் உண்டு. உருவகம் ‘மெட்டஃபர்’ என்பதற்கு நிலைத்துவிட்ட சொல். அதை இங்கும் இழுத்தால் மாணவர் எதை எழுதுவார்? ஒருவரைப் பொறுமையின் ‘பெர்சனிஃபிகேஷன்’ என்று ஆங்கிலம் சொன்னால், அங்கே எந்த அணிப்பெயரும் வேண்டாம். பொறுமையே உருவானவர் என்று எழுதுங்கள்.