வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மேடு ஏன் சரிகிறது?

குன்னூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "எதிரே தேயிலைத் தோட்டச் சரிவு காலங்காலமாக அப்படியே நிற்கிறது. புதிதாகக் கட்டிய வீட்டின் பின்மேடு மட்டும் ஐப்பசி மழையில் இடிந்து விழுகிறதே, இரண்டும் ஒரே மண்தானே?"

ஒரே மண்தான். நீலகிரியின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கெட்டியான பாறை. அது காலப்போக்கில் சிதைந்து மேலே தடித்த செம்மண் போர்வையாகக் கிடக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, அவ்வளவாக நீர் புகாத அடுக்கில் முட்டி, அங்கேயே தேங்கி சரிவோடு ஒழுகுகிறது.

ஈரமண் கனத்து வழுக்கிவிடுகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். கனம் கூடுவது கொஞ்சம்தான். உண்மையில் நடப்பது அதைவிட அழகானது. 30 பாகைச் சரிவில் 3 மீட்டர் ஆழ மண்ணை எடுத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 1.8 டன். அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் மண் சுமார் 4 டன் விசையோடு அழுந்துகிறது, 2.3 டன் விசை அதைக் கீழே இழுக்கிறது. உராய்வுக் கெழு, அதாவது அழுந்தும் விசையில் பிடிமானமாக மாறும் பங்கு, 0.65 என்றால் பிடிமானம் 2.6 டன். நிற்கும், ஆனால் மயிரிழையில்.

இப்போது அடைமழையில் நீர்மட்டம் தரைவரை ஏறட்டும். துகள்களுக்கு இடையிலுள்ள நீர் 2.25 டன் அளவுக்கு மண்ணை மேலே தூக்குகிறது. துகளோடு துகள் அழுந்த மிச்சம் 1.8 டன், பிடிமானம் 1.2 டன்னுக்கும் கீழே. இழுக்கும் விசையோ அதே 2.3. ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பவருக்குக் கால் பாவாதே, அதே கதைதான். பாக்கிப் பிடிமானத்தை மண்ணின் ஒட்டுந்தன்மையும் வேர்களும் தர வேண்டும். நீரின் தூக்கல் போக மிஞ்சும் அழுத்தம்தான் பிடிமானம் தரும் என்று 1920களில் பொறியாளர் கார்ல் டெர்சாகி வகுத்த இந்த ஒரு கருத்தின்மேல்தான் இன்றைய மண் பொறியியல் நிற்கிறது.

கோடையில் செங்குத்தாக வெட்டிய மேடு நிற்பதற்கும் காரணம் தண்ணீர்தான். பாதி ஈரமான மண்ணில் மெல்லிய நீர்ப்படலம் துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. மெரினாவில் ஈர மணலில் குழந்தைகள் கோபுரம் கட்டுவது இதனால்தான். முழுக்க நனைந்தால் அந்த இழுப்பு போய்விடும். மாசியில் வெட்டிய மேட்டைப் பார்த்து "கெட்டி மண்ணுங்க" என்று மேஸ்திரி சொன்னால் நம்ப வேண்டாம்.

நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு இருக்கிறது. தேவையானதுதான். ஆனால் இரண்டு மாடி கான்கிரீட் வீட்டின் கனம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 முதல் 2.5 டன். தளம் சமன்செய்ய 3 மீட்டர் வெட்டினால், சரிவின் காலடியில் சதுர மீட்டருக்கு முட்டுக்கொடுத்த 5.4 டன் போய்விடுகிறது. வெட்டாத தேயிலைச் சரிவுக்கு இந்த முட்டு அப்படியே இருக்கிறது. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டினால் அங்கே புதிதாக ஒரு தளர்ந்த சரிவு. உயரத்தை அளப்பதைவிட வெட்டின் ஆழத்தை அளப்பது முக்கியம் என்பது என் கட்சி. பொக்லைனுக்கு அனுமதி கேட்கச் சொல்வதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

தடுப்புச்சுவர் கட்டிவிட்டோமே என்பார்கள். 3 மீட்டர் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் நீர் வடிந்த மண் சுமார் 2.4 டன் விசையோடு தள்ளும். பின்னால் தண்ணீர் முழுக்கத் தேங்கினால் 5.5 டன். அதனால் சுவரின் உயிர் அதன் துளைகளில் இருக்கிறது: 75 முதல் 100 மில்லிமீட்டர் குழாய், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, வெளிப்பக்கம் சாய்வாக. சுவருக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் ஜல்லி அடுக்கு. மண் புகுந்து அடைக்காதபடி ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி. பூச்சுவேலையில் அழகுக்காகத் துளைகளை அடைத்துவிடுவது வழக்கமான தவறு.

இன்னொன்று உறிஞ்சுகுழி. ஐந்து பேர் வீடு, ஆளுக்கு 100 லிட்டர் என்றாலும் தினம் 500 லிட்டர், வெயில் காலத்திலும் விடாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. மழை வருமுன்பே சரிவு பாதி நனைந்திருக்கும். கழிவுநீரைச் சரிவின் தலையில் விடாமல் குழாயில் கீழே இறக்க வேண்டும். பழைய ஓடைத் தடத்தை மூடிக் கட்டவே கூடாது.

மேட்டின் உச்சியில் பிறை வடிவில் வெடிப்பு, சாய்ந்த கம்பம், திடீரென்று கலங்கிய ஊற்று, மூட மறுக்கும் கதவு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றிரவு அந்த வீட்டில் படுக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில், மழை விட்டபின், வெடிப்பைக் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் போர்த்தி, மேலிருந்து வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம்.