வெறுங்காலுடன் நடந்தீர்களா, ஐயா?

வயதான ஒருவருக்கு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை எழுதும் முன் நான் கேட்கிற கேள்வி இது: "வெறுங்காலுடன் எங்கே, எவ்வளவு காலம் நடந்தீர்கள்?" சிலர் சிரிப்பார்கள். சர்க்கரையைப் பற்றிக் கேட்க வேண்டிய டொக்டர் செருப்பைப் பற்றிக் கேட்டால் சிரிக்கத்தானே தோன்றும்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் வெள்ளவத்தையில் மகளுடன் வாழ்ந்த ஒரு மலாயன் பென்ஷனியர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, அவருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். மூச்சு இழுப்புக்காக வேறோர் இடத்தில் ஸ்டீரொய்ட் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வாரம் வயிற்றுவலியும் வாந்தியும் காய்ச்சலுமாக என்னிடம் வந்தார். பேச்சுவாக்கில் மகள் சொன்னார்: "அப்பாவின் இடுப்பில் அடிக்கடி சிவப்பாக ஒரு கோடு வரும், டொக்டர். காலையில் ஓரிடத்தில் இருக்கும், மத்தியானம் தள்ளிப் போயிருக்கும்." ஐம்பது வருடமாக அதை எல்லோரும் அலர்ஜி என்றே சொல்லிவந்திருக்கிறார்கள்.

அந்தக் கோடு மணிக்கு ஐந்து, பத்து சென்டிமீட்டர்கூட ஓடும். ஸ்ட்ரோங்கிலொய்ட்ஸ் என்ற புழுவின் குடம்பி தோலுக்கடியில் ஊர்ந்து போகும் தடம் அது.

"மலாயாவில் என்ன வேலை, ஐயா?"

"ரயில்வே. ஈப்போ."

"ஜப்பான்காரன் வந்த பிறகு?"

மகளைத் தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டுத்தான் வாய் திறந்தார். "சயாமுக்குக் கொண்டுபோனார்கள், தம்பி. சப்பாத்து இரண்டு மாதத்தில் உக்கிவிட்டது. பிறகு ஒன்றரை வருடம் வெறுங்கால்."

அவரைக் கொண்டுபோனது ஜப்பானியர் கட்டுவித்த சயாம்-பர்மா ரயில் பாதைக்கு (சயாம் இன்றைய தாய்லாந்து). 415 கிலோமீட்டர் நீளமான அதன் இரு முனைகளும் 1943 ஒக்டோபரில் இணைந்தன. அதில் வேலைசெய்த நேச நாட்டுப் போர்க்கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளரில் பல பத்தாயிரம் பேர். மழை, மலம் கலந்த சேறு, வெறும் பாதம். புழுவுக்கு வேறென்ன வேண்டும்? மண்ணில் வளரும் குடம்பி பாதத்தோலைத் துளைத்து, நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தப் புழுவை 1876இல் முதன்முதலாகக் கண்டதும் போர்வீரர்களிடம்தான்: கொச்சின்சீனாவிலிருந்து (இன்றைய தென் வியட்நாம்) தூலோன் துறைமுகத்துக்கு வயிற்றோட்டத்துடன் திரும்பிய பிரெஞ்சுச் சிப்பாய்கள்.

மற்றக் குடற்புழுக்கள் பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் உண்டு. ஊரை விட்டு வந்தால் சில வருடங்களில் தாமாகவே தீர்ந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் அளவே வளரும் இது அப்படியல்ல. வெளியேற வேண்டிய குடம்பிகளில் சில அதே உடம்பின் குடற்சுவரைத் துளைத்து மீண்டும் உள்ளே புகுந்துவிடும். சந்ததி சந்ததியாக ஒரே மனிதனுக்குள் குடியிருக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி அதை ஓர் அளவில் வைத்திருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. ஸ்டீரொய்ட் அந்தக் காவலைத் தளர்த்துகிறது. உடனே குடம்பிகள் பெருகி, குடல் பற்றீரியாக்களையும் இழுத்துக்கொண்டு இரத்தத்துக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் போகின்றன. அந்த நிலையில் வருபவர்களில் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை. எங்கள் ஐயாவின் இழுப்பேகூட நுரையீரலில் ஊர்ந்த குடம்பிகளால் வந்திருக்கலாம் என்பதுதான் வேதனை.

கைதி என்றால் நமக்குக் கொமாண்டோக்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். பிரித்தானிய ரகசியப் படையான ஃபோர்ஸ் 136இன் லிம் போ செங் 1943 இறுதியில் இலங்கையிலிருந்து நீர்மூழ்கியில் மலாயாவுக்குப் போனார். மறுவருடம் பிடிபட்டு, சித்திரவதைக்குள்ளாகி, 1944 ஜூன் 29இல் ஈப்போவுக்கு அருகே பத்து காஜா சிறையில் வயிற்றுளைவு கண்டு இறந்தார். அவ்வளவு துணிந்த மனிதரையும் சிறையில் சாய்த்தது வயிறு.

உயிர் தப்பிய பிரித்தானியக் கைதிகளை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி அறுபதுகளின் இறுதியிலிருந்து பல தசாப்தங்களாகப் பரிசோதித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவரிடம் இந்தப் புழு இருந்தது. தோட்டத் தொழிலாளியை இப்படி யாரும் அழைத்துப் பரிசோதிக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்க முடியவில்லை.

எங்கள் நாட்டிலும் போர் நடந்தது. சேற்றில் தவழ்ந்த சிப்பாய், பதுங்குகுழியில் இருந்த பிள்ளை, முகாமில் மலசலகூட வரிசையில் நின்ற தாய், தடுப்பில் இருந்து வந்தவர், எல்லோரும் என் கிளினிக்குக்கு வருகிறார்கள். யார் யாரைப் பிடித்தார்கள் என்று நான் கேட்பதில்லை. செருப்பு இருந்ததா என்று கேட்பேன். மலையகத்தில் வெறுங்காலுடன் கொழுந்து பறித்தவர்களிடமும் அதே கேள்விதான்.

ஒரு தடவை மலம் பரிசோதித்துப் புழு இல்லை என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். பல தடவை தப்பிவிடும். இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளணு காரணமின்றிக் கூடியிருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள், ஆனால் நோய் முற்றும்போது அது குறைந்தும் இருக்கலாம். இதற்கென்றே ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. வழமையான மெபெண்டசோல் பூச்சிக் குளிசையை நம்பியிருக்க முடியாது. இன்று முதல் தெரிவு ஐவர்மெக்டின். அதையும் டொக்டர் சொல்லாமல் பாமசியில் வாங்க வேண்டாம். 2020இல் கொரோனாவுக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் கொடுக்கத் தொடங்கியபோது உலகமெங்கும் மருத்துவர்கள் இந்தப் புழுவை மறுபடியும் நினைவுகூர்ந்தார்கள். மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த, ஸ்டீரொய்டாகவும் இருக்கக்கூடிய, பெயர் தெரியாத வெள்ளைக் குளிசையை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு அதை நினைவூட்ட யாரும் இல்லை. ஏற்கெனவே ஸ்டீரொய்ட் எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. கிளினிக் கொப்பியுடன் வந்து பேசுங்கள்.

ஐயாவுக்கு அப்போது கையிலிருந்த அல்பெண்டசோலைக் கொடுத்தோம், ஸ்டீரொய்டைப் படிப்படியாகக் குறைத்தோம். பதினெட்டு நாள் வார்டில் கிடந்து பிழைத்தார். லிவர்பூல் கதையைச் சொன்னபோது, "அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, தம்பி" என்று மட்டும் சொன்னார். ஆறு மாதம் கழித்து வந்தபோது கோடு வரவில்லை. ஆனாலும் பின்னேரத்தில் சாரத்தை இறக்கி இடுப்பைத் தடவிப் பார்க்கிற பழக்கத்தை அப்பா விடவில்லை என்றார் மகள்.