010 என்று எழுதினால் எட்டு

ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் ஒரு பட்டறைக்கு ஆர்டர் சீட்டு அடிக்கும் சின்ன மென்பொருள் ஒன்று செய்து கொடுத்தேன். அவர்கள் நோட்டில் டிசைன்களை 001, 002 என்று மூன்று இலக்கத்தில்தான் எழுதுவார்கள், நானும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் அதை அப்படியே, மேற்கோள்குறி போடாமல் தட்டிவிட்டேன். ஒரு நாள் 010 கேட்ட வீட்டுக்குச் சீட்டில் 8 என்று அச்சாகி வந்தது. வேலை தொடங்குமுன் பட்டறைக்கார அண்ணன் பார்த்துவிட்டார். கண்ணாடி மேல் கையால் வண்ணம் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுக்கிற கல் அது, ஒரு ஹாலுக்கான கல் முழுவதும் மாறிப் போயிருந்தால் எத்தனை பேர் உழைப்பு வீண்!

காரணம் இதுதான். சி மொழியிலும் அதன் வழி வந்த பலவற்றிலும் பூஜ்யத்தில் தொடங்கும் முழு எண் ஆக்டல், அதாவது எட்டின் அடிமானம், பத்துப் பத்தாக இல்லாமல் எட்டெட்டாக எண்ணும் முறை. அதில் 010 என்றால் எட்டு. நம் காரைக்குடி எஸ்டிடி கோடு 04565-ஐ எண்ணாக எழுதினால் 2421 ஆகிவிடும். ஆக்டலில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது என்பதால் 008 என்று எழுதினால் சியும் ஜாவாவும் பிழை காட்டி நிறுத்திவிடும், அதுவாவது நல்லது. பழைய பாணி ஜாவாஸ்கிரிப்ட் 8-ஐப் பார்த்ததும் சரி, இது சாதாரண எண்தான் என்று எடுத்துக்கொள்ளும். ஆக 008-ம் எட்டு, 010-ம் எட்டு, எந்த எச்சரிக்கையும் வராது. எனக்கு நடந்தது இதுதான்.

பைத்தான் 2-ல் 010 எட்டு, பைத்தான் 3 அப்படி எழுதவே விடாது. ரஸ்ட், சி ஷார்ப் மொழிகளில் அது பத்துதான்.

லினக்ஸில் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்டில் இது இன்னும் மோசம். மாத எண்ணை 01, 02 என்று வாங்கிக் கணக்குப் போடும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஜூலை வரை ஒழுங்காக ஓடும், ஆகஸ்ட் 1 அன்று, ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் நிற்கும்போது, 08-ஐப் பார்த்து நின்றுவிடும். அக்டோபரில் தானே சரியாகிவிடும், அதனால் யாரும் காரணத்தைத் தேடவே மாட்டார்கள். எண்ணுக்கு முன்னால் 10# சேர்த்தால் போதும், பத்தின் அடிமானமாகவே எடுத்துக்கொள்ளும்.

டிசைன் எண், போன் எண், ரசீது எண் எதையும் நாம் கூட்டவோ கழிக்கவோ போவதில்லையே, அப்புறம் ஏன் எண்ணாக வைக்க வேண்டும்? ஸ்ட்ரிங்காக, அதாவது மேற்கோள்குறிக்குள் எழுத்தாக வையுங்கள். பழைய ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்கள் இருந்தால் "use strict" என்ற ஸ்ட்ரிக்ட் மோடு வரியை மேலே சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், 008, 010 இரண்டையுமே பிழை என்று காட்டிவிடும்.